ஏழாம் நம்பரின் இடது கால்

கூடைப்பந்து நடுவராக விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டால் போதும், ஊரில் உள்ள அத்தனை பேரும் கண் டாக்டராகிவிடுவார்கள். "சார், கண்ணாடி போடுங்க சார்!" என்று ஒருத்தராவது கத்தாத ஆட்டம் கிடையாது. இந்தக் கதையில் வரும் நடுவர் விஷயத்தில் அந்தக் கிண்டலுக்குக் கூடுதல் ருசி உண்டு. பகலில் இவருக்கு வேலையே ஒரு கண்ணாடிக் கடையில்தான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவார். அதனால் தொழிலாளர் லீக்கில் இவருக்குக் கண்ணாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் மனிதர் இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை. ஐம்பதைத் தாண்டியும் ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு பால் எங்கேன்னு கேக்குறாரே, அது எதனாலன்னுதான் தெரியல" என்பார் மனைவி.

நடுவர் வேலையில் எது கஷ்டமான முடிவு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. இரண்டு பேர் மோதிக்கொண்டால் யார் மேல் தப்பு என்று சொல்வதுதானே என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மோதலை அரங்கமே பார்த்திருக்கும், பாதிப் பேராவது நம் பக்கம் பேசுவார்கள். பந்து இல்லாத இடத்தில் நடக்கிற தப்புதான் உயிரை வாங்கும். நடுவர்கள் இரண்டு பேரில் ஒருத்தர் பந்தைப் பார்க்க வேண்டும், மற்றவர் பந்தைப் பார்க்கவே கூடாது. எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும்போது இந்த ஒருத்தர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே ஏதாவது நடந்து விசில் ஊதினால் உலகத்திலேயே அதற்கு அவர் ஒருத்தர்தான் சாட்சி. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடி ஒரே ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். பார்த்ததைத்தான் ஊதுவார், பார்க்காததை ஊதமாட்டார், பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்கவும் மாட்டார். அவரைத் திட்டாத அணி லீக்கில் கிடையாது, ஆனால் அவர் பொய் சொன்னார் என்று சொன்ன அணியும் கிடையாது.

அன்று இறுதி ஆட்டம். ரொட்டி ஆலைக்காரர்களும் தீயணைப்பு நிலையத்துக்காரர்களும் மோதினார்கள். தகரக் கூரை போட்ட உள்ளரங்கம், வெளியே காலையிலிருந்து வெயில். ஸ்கோர் பலகையில் ஒரு விளக்குக் கோடு செத்துப் போனதால் எட்டெல்லாம் ஆறாகத் தெரியும். அது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. கண்ணாடியோடு விசில் பிடிக்க வந்தவர் பஸ் ஓட்டுகிறவர், டிரைவர் என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் பல வருஷக் கூட்டாளிகள்.

ரொட்டி ஆலையின் பெஞ்சில் கடைசி நாற்காலியில் ஒரு சட்டை மாட்டியிருந்தது. ஏழாம் நம்பர். தூண் என்று எல்லோரும் கூப்பிட்ட ஆட்டக்காரன் போட்டு ஆடின சட்டை.

தூணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை பார்த்தவன். வாட்டசாட்டமான உடம்பு, ஆட்டம் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கையில் பந்து வந்தால் சூடான தட்டைத் தொட்டவன் மாதிரி உடனே அடுத்தவன் பக்கம் தள்ளிவிடுவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நிற்பது. கூட்டாளியை ஒருத்தன் துரத்தி வந்தால் அந்தத் துரத்துகிறவன் வழியில் போய்க் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்பான். ஸ்க்ரீன் என்பார்கள். அசையாமல் நின்றால் விதிப்படி சரி, அசைந்தால் ஃபவுல். தூணுக்கு இடது கால் ஒன்றுதான் எதிரி. கடைசி நொடியில் அது தானாக ஒரு சாண் வெளியே நழுவும். கண்ணாடி விசில் ஊதுவார். மற்ற ஆட்டக்காரர்களாக இருந்தால் இரண்டு கையையும் விரித்து, "நானா? நான் என்ன சார் பண்ணினேன்?" என்று நாடகம் போடுவார்கள். தூண் மட்டும் நிமிர்ந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்துவான். ஃபவுல் செய்தவன் ஸ்கோர் எழுதுகிற மேசைக்குத் தெரியும்படி கையைத் தூக்க வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். எல்லோரும் அதைக் கைவிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அவன் கடைசி வரை விடவில்லை.

போன மழைக்காலத்தில் காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போனவன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அவன் கையைத் தூக்கியதெல்லாம் யாருக்காக என்றால் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கும் தன் அக்காவுக்காகத்தான். லீக் முழுக்க அவரை மேசை அக்கா என்றுதான் கூப்பிடும், அவரைவிட மூத்தவர்கள்கூட. அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவன் செய்த ஒவ்வொரு ஃபவுலையும் கை நடுங்காமல் எழுதியவரும் அவர்தான். தம்பி போனபின் ஒரு ஆட்டம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. கோச் கேட்டுக்கொண்டதால் அவன் பேரை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து லீக் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தப் பேரை அக்காவே எழுதுவார், எதிரே உள்ள கட்டங்கள் காலியாகவே கிடக்கும். இந்த வருஷக் கோப்பையை அவன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்போம் என்று ஆலைக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கண்ணாடிக்கும் மனசுக்குள் அது நடந்தால் நன்றாயிருக்கும் என்றே இருந்தது.

ஆனால் அன்று ஆலையில் இரண்டு அடுப்புகள் மக்கர் செய்ய, பாதி ஆட்களை ஷிஃப்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். வந்து சேர்ந்தது ஐந்தே பேர். மாற்று ஆள் என்று சொல்லிக்கொள்ளப் பெஞ்சில் அந்தச் சட்டைதான். இருந்தும் நாக்குத் தள்ளத் தள்ள ஆடினார்கள். கடைசிக் கால்பகுதியின் நடுவில் அந்த ஐந்து பேரில் ஒருத்தரான அடுப்பு வேலைக்காரருக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஐந்து விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான்கு பேரோடு ஆடலாம், விதி இடம் கொடுக்கிறது.

அப்போதுதான் மேசையிலிருந்து ஹாரன் அடித்தது. மாற்று ஆள் தயார் என்றால் மேசையில் ஹாரன் அடிப்பார்கள். நடுவர் கையை அசைத்து வா என்று கூப்பிட்டால்தான் அந்த ஆள் களத்துக்குள் கால் வைக்கலாம். எத்தனையோ வருஷமாக ஹாரன் கேட்டதும் கண்ணாடியின் கை தானாக அசையும். அன்றும் அசைந்தது. திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகக் கையை வீசி, "வா, வா" என்று கூப்பிட்டுவிட்டார்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. "யாரைக் கூப்பிடுறீங்க சார்? சட்டையையா?" என்று ஒரு குரல் கேட்டது. அது எந்தச் சட்டை என்று நினைவு வந்ததும் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. கண்ணாடிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மேசையைப் பார்த்தார்.

"கை பட்டுடுச்சு சார்" என்றார் அக்கா, நிமிராமலே.

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குமுன் நடுவர்கள் தலை எண்ணுவார்கள். தீயணைப்புக்காரர்களை டிரைவர் எண்ணுவார், ஆலைக்காரர்களைக் கண்ணாடி எண்ணுவார். இரண்டு பேரும் கட்டை விரலைக் காட்டிக்கொண்டால் பந்து உள்ளே போகும். கண்ணாடி எண்ணினார். ஐந்து. கட்டை விரலைக் காட்டினார். பந்து உள்ளே போயிற்று.

இரண்டு முறை பந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வழக்கமான எண் வந்ததால் சந்தேகமே எழவில்லை. ஐந்து இருந்திருக்கக் கூடாது. நான்குதான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஆட்டம் நின்றதும் முகம் முகமாகப் பார்த்தார். நாலாம் நம்பர் கேப்டன், ஆலையில் வேன் ஓட்டுகிறவன். பேக்கிங் பிரிவுக்காரர்கள் இரண்டு பேர். மாவு மூட்டை இறக்குகிற ஒருத்தர். நான்கு. மூச்சை விட்டார். முகங்களை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணினார். ஐந்து.

"என்னய்யா, வெயிலா?" என்று கேட்டார் டிரைவர் பக்கத்தில் வந்து.

"ஒண்ணுமில்ல. நீ ஆலைக்காரங்களை ஒரு தடவை எண்ணிச் சொல்லு."

"இதுல எண்ண என்ன இருக்கு? நாலு பேர். பாவம்."

தீயணைப்புக்காரன் ஒருத்தன் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ எறிய நின்றான். அந்த நேரத்தில் அரங்கமே அமைதியாகிவிடும். இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பவர்களும் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். வரிசையில் ஆலைக்காரர்களுக்கு உரிய ஓர் இடத்தில் ஆளில்லை. அந்த இடத்திலிருந்து ரப்பர் காலணி தரையில் கிறீச்சென்று தேய்கிற சத்தம் கேட்டது. கால் மாற்றி நிற்கிறவன் போடுகிற சத்தம். எறிந்தவனும் அந்தப் பக்கம் ஒரு கண் பார்த்தான். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

பிறகு அதே இடத்தில் ஒருத்தன் வழுக்கினான். தரை ஈரமாயிருந்தது. அரங்கக் காவலாளி வந்து துடைத்துவிட்டுப் போனார். ஒரு நிமிஷத்தில் இன்னோர் இடத்தில் ஈரம், சொட்டுச் சொட்டாக. இரண்டாம் முறை துடைக்க வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"கூரை ஒழுகல சார்" என்றார் மெதுவாக. "இது வேர்வை."

கண்ணாடிக்குப் பயம்தான், வேறு பேர் வைத்து என்ன பயன். வாய்க்குள் விசில் கிடுகிடுவென்று பல்லில் தட்டியது. இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடைசி சில நொடிகள். ஆலைக்காரர்கள் ஒரு புள்ளி பின்னால், பந்து அவர்களிடம். மூட்டை இறக்குகிறவர் பந்தை வைத்துக்கொண்டு இடம் பார்த்தார். டிரைவர் பந்தைப் பார்த்தார், அரங்கமும் பந்தைப் பார்த்தது. கண்ணாடி எதிர்ப் பக்கம் பார்த்தார். அங்கே கேப்டன் பந்தில்லாமல் மூலையை நோக்கி ஓடினான். ஏணிக்காரன் என்கிற தீயணைப்புக்காரன் அவனை நிழலாகத் துரத்தினான்.

அந்த வழியில் ஒரு முதுகு நின்றது. அகலமான முதுகு. மார்பில் கட்டின கைகள், முழங்கை வரைக்கும் வெள்ளையாக மாவு. ஏணிக்காரன் நெருங்கிய நொடியில் இடது கால் ஒரு சாண் வெளியே நழுவியது.

ஏணிக்காரன் மல்லாக்க விழுந்தான். கண்ணாடியின் விசில் வீறிட்டது. பந்து கேப்டனிடம் வந்தது, அவன் எறிந்தான், கூடைக்குள் விழுந்தது, ஆலைக்காரர்கள் குதித்தார்கள். பிறகுதான் மடக்கிய முஷ்டியை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிற நடுவரை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஃபவுலா? யார் மேல சார்?" என்று கேப்டன் ஓடி வந்தான். "என் பக்கத்துல ஒருத்தருமே இல்லையே! அவன் தானா விழுந்தான்!"

ஏணிக்காரன் தரையில் உட்கார்ந்தபடி மார்பைத் தடவினான். "யாரோ நின்னாங்க சார். சுவத்துல மோதின மாதிரி இருந்துச்சு."

அரங்கம் ஊளையிட்டது. டிரைவர் கண்ணாடியின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"யோவ், என்னத்தைப் பார்த்தே?"

கண்ணாடி சொன்னார். டிரைவர் ஒருமுறை மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சரி. நான் எதுவும் கேக்கல. நீ நாலாம் நம்பர்னு சொல்லிடு. கேப்டன் கையால தள்ளினான்னு சொல்லு, எல்லாரும் நம்புவாங்க. இல்லேன்னா, பந்து கையை விட்டப்புறம் தெரியாம ஊதிட்டேன்னு சொல்லு. கூடை செல்லும், கப்பு அவங்களுக்குப் போகும், அந்தப் பொம்பளையும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. ஏழுன்னு மட்டும் அங்க போய்க் காட்டிடாதே. அதோட உன் விசில் போச்சு. அதுகூடப் பரவால்ல. அந்த அக்கா மூஞ்சிக்கு நேரா எப்படிய்யா காட்டுவே?"

அதைத்தான் கண்ணாடியும் யோசித்தார். மேசை என்னவோ பத்தடி தூரம்தான், கால் எழும்பவில்லை. பைத்தியம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். செத்துப்போன தம்பியை வைத்து விளையாடுகிறான் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால்? நாலு என்று காட்ட நான்கு விரல் போதும். கேப்டன் கத்துவான், பிறகு அடங்குவான். ஆனால் கேப்டன் யாரையும் தொடவில்லை. தொட்டவன் வேறு. தொட்டுவிட்டு அவன் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது, நீ இல்லை என்று எப்படிச் சொல்வது? உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறைகூட அவன் தன் ஃபவுலை இல்லையென்று சொன்னதில்லை.

மேசைக்கு முன்னால் போய் நின்றார். கூச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"நம்பர் சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

கண்ணாடி ஒரு கையை விரித்தார். மறு கையில் இரண்டு விரல்களை நீட்டினார்.

"ஏழு."

அக்காவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பக்கத்தில் நேரம் பார்க்கிற ஆள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தப்பு?"

"ஸ்க்ரீன் போட்டப்போ கால் நகர்ந்துச்சு."

"எந்தக் கால்?"

எந்த ஸ்கோர் தாளிலும் இப்படி ஒரு கேள்விக்குக் கட்டம் கிடையாது.

"இடது கால், அக்கா."

அக்காவின் உதடு கோணியது. அழப் போகிறார் என்று நினைத்துக் கண்ணாடி தலையைக் குனிந்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார் அக்கா. "அந்தக் காலை ஒழுங்கா வெச்சுக்கிட்டு நில்லுடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." சொல்லிக்கொண்டே வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்த கட்டத்தில் கை நடுங்காமல் எழுதினார்.

கண்ணாடி திரும்பினார். ஆட்டக்காரர்களின் தலைகளுக்குப் பின்னால், ஏணிக்காரன் விழுந்த இடத்தில், முழங்கை வரை மாவு படிந்த ஒரு வலது கை தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது. மேசை எழுதி முடிக்கும் வரை நின்றது. பிறகு இறங்கியது.

கூடை செல்லவில்லை. பந்து தீயணைப்புக்காரர்களுக்குப் போயிற்று. உள்ளே எறியுமுன் கண்ணாடி தலை எண்ணினார். முகத்தைப் பார்த்து எண்ணினாலும் நான்கு, தலையைப் பார்த்து எண்ணினாலும் நான்கு. கட்டை விரலைக் காட்டினார். ஒரு புள்ளியில் ஆலைக்காரர்கள் தோற்றார்கள்.

அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தார். கேப்டன் நேரே அவரிடம் வந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நிஜமா நின்னானா சார்?"

"நின்னான்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான். ஏணிக்காரன் உன்னை நெருங்கவே முடியல."

கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். பெஞ்சில் கோச் சட்டையை மடித்து வைக்க எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதன் ஓரத்திலிருந்து தரையில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தபின் மேசையில் அக்கா மட்டும் இருந்தார். ஹாரனின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி எதிரே போய் நின்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். லீக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும். கேட்டால் இதே பதில்தான். அதைப் பற்றி அவருக்கு இப்போது கவலையாக இல்லை.

"மன்னிச்சுக்கங்க அக்கா. இன்னொரு தப்பையும் நான் சொல்லியிருக்கணும். மாற்று ஆள் மேசைல சொல்லாம களத்துல இறங்கக் கூடாது. விதி அது. அதை விட்டுட்டேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கண்ணாடி எதிர்பார்த்த துக்கம் இல்லை, கொஞ்சம் கோபம்தான் இருந்தது. தம்பியை யாராவது குறை சொன்னால் வருகிற கோபம்.

"யார் சார் சொன்னது? அவன் அப்படியெல்லாம் இறங்குறவன் இல்ல. இங்க வந்து மேசையைத் தட்டி, அக்கா, நான் இறங்குறேன்னு சொன்னான். அதனாலதான் ஹாரன் அடிச்சேன். அப்பவும் போகாம இந்த ஓரத்துலயே நின்னான். நீங்க கையைக் காட்டிக் கூப்பிட்ட அப்புறம்தான் போனான்."

வயரின் மறுமுனை மேசைக்கு அடியில் சிக்கியிருந்தது. கண்ணாடி குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.